கோல்ட்மனின் பதக்கங்கள்: கேள்வி பதில்

கேள்வி: முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமலே, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற பிரிட்டிஷ் படைவீரர் வில்லியம் கோல்ட்மன் என்ன செய்தார்?

பதில்: ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1891இல் பிறந்த தோட்டக்காரர் அவர். 1915இல் நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் படைப்பிரிவில் சேர்ந்தபின், உயிரைக் கொல்வது தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதென்பதால் ஸ்ட்ரெச்சர் தூக்கும் பணியை விரும்பி ஏற்றார். 1917இல் மட்டும், வீரப் பதக்கங்களான மிலிட்டரி மெடலுக்கு இருமுறையும் டிஸ்டிங்விஷ்டு காண்டக்ட் மெடலுக்கு ஒருமுறையும் உரியவரானார். 1918 செப்டம்பர் இறுதியில் காட்டிய துணிவுக்காகப் பின்னது மீண்டும் கிடைத்தது. அடுத்த சில நாள்களில், அக்டோபர் 3, 4 தேதிகளில், பிரான்ஸின் மானெக்கன் குன்றில் படை பின்வாங்கியபோது காயமுற்றோர் சிலர் விடுபட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு, பக்கவாட்டுத் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே தனியாகச் சென்று, கட்டுப்போட்டு, மூன்று முறை ஆட்களைத் தம் முதுகில் சுமந்து வந்தார். 48 மணி நேரம் ஓய்வின்றிக் காயமுற்றோரைக் கவனித்தார். விக்டோரியா கிராஸ் அதற்குத்தான்.

கேள்வி: ஒரே பதக்கத்தை இரண்டு முறை கொடுப்பார்களா?

பதில்: இல்லை. முதல் பதக்கத்தின் நாடாவில் ஓர் உலோகப் பட்டை சேர்ப்பார்கள்.

கேள்வி: தாத்தாவின் வெள்ளிப் போர்ப் பதக்கத்தை எதைக்கொண்டு துலக்கலாம்?

பதில்: துலக்க வேண்டாம். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அடையாளம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, தேய்க்கத் தேய்க்க அது மங்கும்.

கேள்வி: இரண்டு விக்டோரியா கிராஸ் பெற்ற சாவாஸ் இருக்க, மிகுதியான பதக்கங்கள் பெற்றவர் என்று கோல்ட்மனை முதலிடத்தில் வைப்பது எப்படி?

பதில்: முதல் உலகப் போரில் அதிகாரி அல்லாத பிரிட்டிஷ் படையினருள் மிகுதியான வீரப் பதக்கங்கள் பெற்றவர் என்பதே கோல்ட்மனுக்குரிய சிறப்பு. சாவாஸ் கேப்டன் பதவியிலிருந்த மருத்துவர். கோல்ட்மன் பெற்ற மற்ற இரு பதக்கங்களும் அக்காலத்தில் அதிகாரிகளுக்குரியவை அல்ல. அவர்களுக்கு மிலிட்டரி கிராஸ் போன்றவை தனியே இருந்தன. இருவரையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவது பொருந்தாது.

கேள்வி: ஆயினும், சண்டையிட்டவரையும் சுமந்தவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

பதில்: விக்டோரியா கிராஸ் 1856இல் நிறுவப்பட்டபோது கேட்கப்பட்டது எதிரியின் முன்னிலையில் காட்டும் துணிவு, கொலைக்கணக்கு அன்று. அந்தப் பதக்கத்தை இருமுறை பெற்றவர்கள் மூவர். அவர்களுள் மார்ட்டின் லீக், சாவாஸ் ஆகிய இருவரும் மருத்துவர்கள். நியூசிலாந்தின் அப்ஹாம் ஒருவர்தான் சண்டையிட்டவர். உங்கள் வாதத்தை ஏற்றால் முதலில் அந்த இரு மருத்துவர்களையும் இறக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: மேலே எழுதியதைப் படியுங்கள். புளி, எலுமிச்சை, விபூதி அனைத்துக்கும் அதுவே விடை.

கேள்வி: என்ன விலைக்குப் போகும்?

பதில்: விலை சொல்வதில்லை.

கேள்வி: என்னிடமுள்ள பர்மா ஸ்டாரில் பெயரே இல்லை. போலியா?

பதில்: அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு செய்ய இயலாது. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். இந்தியப் படையினருக்குப் பொறித்துக் கொடுத்ததுண்டு. ஆகவே உங்கள் உறவினர் எந்தப் படையில் இருந்தார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.