கம்போடியா வேலை என்று ஏமாந்து திரும்பிய பையனுக்கு அக்கம்பக்கத்தார் எப்படி உதவலாம்?

பக்கத்து வீட்டுப் பையன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம், அதை நான் துருவ மாட்டேன். யாராக இருந்தாலும் முதல் உதவி, அவனிடம் கதை கேட்காமல் இருப்பதுதான்.

மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். என் அக்கா மகன், பேங்காக்கில் கஸ்டமர் சர்வீஸ் வேலை என்று டெலிகிராமில் பார்த்துப் போனவன். டிக்கெட்டை அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். இறங்கியதும் வேனில் ஏற்றி, தாய்லாந்து எல்லையிலுள்ள மே சோட் கொண்டுபோய், ஆற்றைக் கடந்து மியான்மார் பக்கம் மியாவடியில் அடைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டும் போனும் போய்விட்டன. முன்பின் தெரியாதவர்களிடம் காதல் பேசிப் பணம் கறக்க வேண்டும், ஆள் சிக்காவிட்டால் அடி. அக்கா தாலிக்கொடியை அடகு வைத்து, போதாததற்கு உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடமும் கடன் வாங்கி அனுப்பித்தான் பிள்ளை திரும்பினான்.

வந்த பிறகு அக்கா வீட்டில் கூட்டம் ஓயவில்லை. "எங்கடா அடிச்சானுங்க, காட்டு" என்று சட்டையைத் தூக்கச் சொன்னவர்கள் உண்டு. பேராசைப்பட்டுப் போனான் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். அவனைக் கூட்டி வந்து என் கடையில் வைத்துக்கொண்டேன். பாத்ரூம் போவதற்குக்கூட எழுந்து நின்று, "சின்னம்மா, போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்பான். அங்கே அதற்கும் நேரம் குறிப்பார்களாம், தாமதமானால் அபராதமாம். "கேக்காம போய்யா" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பழக்கம் விட்டது. பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைக்கக் கொடுத்தேன். ஒருநாள் நூலை நறுக்கிக்கொண்டே அவனாகப் பேச ஆரம்பித்தான். நான் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தி முகத்தைப் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பான்.

அவனும் நாலு பேரை ஏமாற்றியவன்தானே என்று சிலர் கீழே எழுத வருவீர்கள். பணம் பறிகொடுத்தவர்களின் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடிக்குப் பயந்து செய்தவனையும் அடித்துச் செய்ய வைத்தவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஐநா மனித உரிமை அலுவலகம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மியான்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர் இப்படிக் கட்டாய வேலையில் சிக்கியிருக்கலாம். இத்தனை பேருமா பேராசைக்காரர்கள்? நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டமும், 'அவன் சம்மதித்துத்தான் வந்தான்' என்று கடத்தியவன் சொல்லித் தப்பிக்க இடம் தரவில்லை. சட்டம் கேட்காத கேள்வியை நாம் ஏன் கேட்க வேண்டும்?

நம் பையன்கள் ஏன் இந்த மாதிரி வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு நேரடிச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. தோட்டத்தை விற்றார்கள், தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துத் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டினார்கள், ஈப்போ போகிற பஸ் மட்டும் வரவரக் குறைந்துபோனது. மோட்டார் வாங்க வழியில்லாத பையன் தொழிற்சாலை வேலைக்கு எப்படிப் போவான்? மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிள்ளையை அனுப்பி வைத்தவன் வெளியூர்க்காரன் இல்லை, கூடப் படித்தவன், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியவன். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவன் இருக்கலாம், அடுத்த பையனிடம் இப்போது பேசிக்கொண்டும் இருக்கலாம். அதனால் போலீஸ் ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட், மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க விடாதீர்கள். பையன் நம்புகிற ஒருவர் கூடப் போகட்டும், நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆலோங் வந்து மிரட்டினால் அதற்குத் தனி ரிப்போர்ட். ராத்திரியில் பையன் நிலைகொள்ளாமல் இருந்தால் 15999க்குக் கூப்பிடுங்கள். அது அரசாங்கத்தின் தாலியான் காசே உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.