ஆக்சிலரேட்டரை மிதித்தால் ரேடியோவும் கூடவே கத்துகிறது

கேள்வி: ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் கார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவும், டிக்கியில் ஒரு ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) மாட்டினேன். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் ‘உய்ய்’ என்று ஒரு சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் ஏறுகிறது, இன்ஜினை அணைத்தால் நின்றுவிடுகிறது. மாட்டிய கடைக்காரர் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். மெக்கானிக்கோ, செட்டு மட்டமானது, வேறு வாங்குங்கள் என்கிறார். எதற்குப் பணம் செலவழிப்பது? – மதுரை வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் செலவழிக்க வேண்டாம். சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது என்பது சரி. அதனால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று ஆகாது. ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் மின் உற்பத்திக் கருவி. அதற்குள் உற்பத்தியாவது ஏசி மின்சாரம். உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. அப்படி மாற்றும்போது கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும். எல்லா வண்டியிலும் உண்டு, பெரும்பகுதியை பேட்டரியே அமுக்கிவிடும். மிச்சம் உங்கள் காதுவரை வருகிறதென்றால், அதற்கு யாரோ வழி விட்டிருக்கிறார்கள். செட்டு மாட்டிய நாளிலிருந்துதான் சத்தம் என்று நீங்களே எழுதியிருப்பதால், என் சந்தேகம் வயரிங் மேல்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால், அது வால்யூமுக்குப் பிறகு நுழைகிறது. ஆம்பையோ, செட்டிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ வயரையோ பார்க்க வேண்டும். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால், செட்டிலேயோ அதற்கு முன்னாலோ நுழைகிறது. அடுத்து எஃப்எம், ப்ளூடூத் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எஃப்எம்மில் மட்டும் வந்தால், செட்டின் பின்னால் ஏரியல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் சத்தம் போனால், அது ஏரியல் வழியாக வருகிறது. போகாவிட்டால், செட்டுக்கு வரும் மின்சார வயர் வழியாக. கடைசியாக, வண்டியை அணைத்துவிட்டு ஆம்பில் செருகியிருக்கும் ஆர்சிஏ வயரைப் பிடுங்கி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆம்பின் மேல் பழி இல்லை.

ஆம்பு வைத்த வண்டிகளில் வழக்கமாக நடக்கும் தவறு எர்த்தில்தான், அதாவது மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் இரும்பில் கொடுக்கும் இணைப்பில். பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே ஸ்க்ரூவை முறுக்கிவிடுவார்கள். மின்சாரம் சரியாகத் திரும்பாமல், ஆர்சிஏ வயரின் உறை வழியாக செட்டுக்குப் போய்ச் சேரும். இன்ஜின் சத்தமும் அதோடு சேர்ந்து போகும். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிகிற இடத்தில், அரை மீட்டருக்குள் அடங்கும் தடித்த வயரால் எர்த்தை இறுக்கமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆம்பின் பவர் வயரும் ஆர்சிஏ வயரும் ஒரே கட்டாகப் போகிறதா என்றும் பாருங்கள். ஒன்று வலது பக்கம் போனால் மற்றது இடது பக்கம் போக வேண்டும். இதற்கு ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை, கூலி மட்டும்தான். மாட்டியவரின் வேலைக் குறை என்பதால், அந்தக் கூலியையும் நீங்கள் தரக்கூடாது.

ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகம் தீரவில்லையா? பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றுங்கள். புள்ளிக்குப் பின் பூஜ்யத்தில் தொடங்கும் சின்ன எண் (0.05 போல) வந்தால் நல்லது. அரை வோல்ட் அளவுக்கு வந்தால் டயோடு போயிருக்கலாம். அப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டலாம். மலிவான மீட்டர் சில சமயம் ஏசியில் 28 வோல்ட் போலக் காட்டும். அது மீட்டரின் குறை, பயப்பட வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘வண்டி நிற்கிறதா பார்ப்போம்’ என்று சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, செட்டோடு இன்ஜின் கம்ப்யூட்டரும் போய்விடக்கூடும்.

நாய்ஸ் ஃபில்டர் வாங்கலாமா என்றால், செட்டின் பவர் வயர் வழியாகச் சத்தம் வருவது உறுதியான பிறகு வாங்கலாம். செட்டின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியரோ, அதற்குக் குறையாத ஃபில்டராக இருக்கட்டும். ஆர்சிஏ வயரில் மாட்டும் ஐசொலேட்டரும் சத்தத்தை நிறுத்தும், ஆனால் மலிவானதாக இருந்தால் பாட்டின் பேஸையும் கொஞ்சம் தின்றுவிடும். எர்த்தைச் சரிசெய்யாமல் அதை மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பழைய வண்டி. மீடியம் வேவில் 936-ல் திருச்சி வானொலி வைத்தால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம். எஃப்எம்மில் இல்லை.

பதில்: இது ஸ்பார்க் பிளக்கின் பொறி. மீடியம் வேவ் இதற்கு ரொம்பவே இடம் கொடுக்கும். கடைசியாகப் பிளக் மாற்றியபோது ரெசிஸ்டர் (ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் மின்தடை) இல்லாத பிளக்கைப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். பிளக் எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலான கம்பெனிகளில் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். பிளக் வயரும் ரெசிஸ்டர் வகையாக இருக்க வேண்டும், வெறும் செம்புக் கம்பி வைத்தது ஆகாது. பிறகும் கேட்டால், இன்ஜினுக்கும் பானட்டுக்கும் உள்ள எர்த் பட்டைகளையும், ஏரியல் அடியில் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் டேஷ்கேம் வாங்கி மாட்டியதிலிருந்து சில எஃப்எம் நிலையங்கள் கரகரக்கின்றன, சில வருவதே இல்லை.

பதில்: டேஷ்கேமின் பிளக்கைப் பிடுங்குங்கள். ரேடியோ தெளிந்தால் குற்றவாளி அதன் சார்ஜர்தான். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சுற்று உள்ளே இருக்கிறது. மலிவானதில் அதற்குத் தடுப்பு வைக்க மாட்டார்கள். மலிவு எல்இடி ஹெட்லைட் பல்பும் இதே வேலையைச் செய்யும். முதலில் வயரை ஏரியல் வயரைவிட்டு விலக்கி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் ஃபெரைட் கிளிப் (வயரைச் சுற்றிக் கவ்வி இரைச்சலை அமுக்கும் வளையம்) போடுங்கள், அப்படியும் தீராவிட்டால் நல்ல சார்ஜராக மாற்றுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதைச் சோதித்துவிடுவது முக்கியம்.

மதுரை வாசகருக்கு மறுபடி ஒரு வார்த்தை. கடைக்காரர் சரிசெய்ய மறுத்தால், மாட்டும் கூலியும் சேர்ந்த பில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் தராமல் இருப்பதும், பில்லில் நாள் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் மாட்டிய வேலையில் உள்ள குறை சேவைக் குறைபாடுதான். சத்தத்தை இன்ஜின் அணைத்தும் ஓட்டியும் ஒரு வீடியோ எடுத்து, கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம்.