ரேடியோகிராஃபியா, ரெஸ்பிரேட்டரி தெரபியா? நகையை வைத்துப் படிக்கவைக்கலாமா?

கேள்வி: கொளத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை, சம்பளம் 28,000 ரூபாய். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், இப்போது +2 பயாலஜி குரூப் முடித்திருக்கிறாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபி படிக்க அவளுக்கு ஆசை. மூச்சுவிடச் சிரமப்படும் நோயாளிகளைக் கவனிக்கும் ரெஸ்பிரேட்டரி தெரபி படித்தால் வெளிநாடு போகலாம் என்கிறான் என் தம்பி. தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 1.6 லட்சம் கேட்கிறார்கள். கையில் 12 சவரன் நகையும் எஃப்.டி.யில் 3 லட்சமும் இருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகைக்கடனை வழக்கமாக ஒரு வருடத்தில் மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். உங்கள் மகளுக்குச் சம்பளம் வரவே நான்கு வருடம் ஆகும். நடுவில் ஒரு வருடம் வட்டி கட்ட முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

நான்கு வருடம் என்று நான் சொன்னதைக் கவனித்தீர்களா? நீங்கள் மூன்று வருடக் கணக்குதான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு பி.எஸ்சி.யிலும் மூன்று வருடம் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருடம் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். அந்த வருடத்துக்கும் ஃபீஸ் உண்டா, உதவித்தொகை ஏதாவது தருவார்களா, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எக்ஸ்ரே மெஷினை வைத்துக்கொண்டு ரேடியோகிராஃபி கற்றுத்தரும் இடம் என்றால், சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் அவள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள், வேலைக்குப் போன இடத்தில் அது முதல் வாரமே தெரிந்துவிடும். படிப்பு கிண்டி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறதா, அல்லது முறையான நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்பதையும் பாருங்கள். மாடியில் போர்டு மாட்டி ஆறு மாத சர்டிஃபிகேட் தருகிற இடங்கள் சென்னையில் நிறைய.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் பாராமெடிக்கல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தீர்களா? நீட் எல்லாம் வேண்டாம், +2 மார்க்தான். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்த வட்டிக் கணக்கே தேவைப்படாது. தனியார் கல்லூரியிலேயே அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தாலும் வங்கியில் பேசுவது சுலபம். மேனேஜ்மென்ட் சீட் என்றால் சில வங்கி மேனேஜர்கள் முகம் சுளிப்பார்கள்.

சரி, தனியார் கல்லூரிதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 4.8 லட்சம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, கைப்பணமும் போட வேண்டியதில்லை. வருடத்துக்கு 1.3 லட்சம் கடன், மீதி 30,000 எஃப்.டி.யிலிருந்து. வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் முதல் வருடம் மாதத்துக்கு சுமார் 1,100 ரூபாய் வட்டி, இரண்டாம் வருடம் 2,200, அப்புறம் 3,250. படிக்கும்போது இதைக் கட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஆனாலும் முடிந்தவரை கட்டுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், முதல் வருட வட்டி அதிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். வட்டியைக் கட்டிவந்தால் ஏழு வருடத் தவணை மாதம் 6,500 அளவில் நிற்கும், கட்டாமல் விட்டால் 9,000-ஐத் தொடும். புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்ணுக்கு அந்த 2,500 பெரிய பணம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பதால், மத்திய அரசின் வட்டி மானியத்தில் உங்கள் கல்லூரி வருமா என்றும் வங்கியில் கேளுங்கள். வந்தால் படிப்புக்காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் வட்டி உங்கள் தலையில் விழாது. கல்விக் கடன் வட்டிக்கு 80-இ வருமான வரிச்சலுகை என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரருக்கு வரியே கிடையாது.

இப்போது தம்பி சொன்னதற்கு வருகிறேன். ரெஸ்பிரேட்டரி தெரபி நல்ல வேலைதான், வென்டிலேட்டரை ஓட்டத் தெரிந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்று கோவிட் நேரத்தில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஐ.சி.யூ. இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் அந்த வேலை, நைட் டியூட்டியும் உண்டு. எக்ஸ்ரே மெஷின் சின்ன ஊர்களில்கூட இருக்கிறது, நாளைக்கு அவள் ஆரணிக்கோ தென்காசிக்கோ குடிபோனாலும் பிழைத்துக்கொள்ளலாம். வளைகுடாவுக்கு இரண்டு படிப்பும் செல்லும், அங்கே லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டும். பிரிட்டனில் ரேடியோகிராஃபருக்குப் பதிவு முறை இருக்கிறது, ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று தனியாக ஒரு பதிவே இல்லை. அமெரிக்கா என்றால் அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் தம்பியிடம் சொல்லுங்கள். என் ஓட்டு ரேடியோகிராஃபிக்குத்தான், அதுவும் அவளே ஆசைப்பட்டுக் கேட்பதால்.

கதிர்வீச்சு பட்டால் பெண்ணுக்கு ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் பேச்சை எடுப்பார்கள். உடலில் பட்ட கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜைச் சட்டையில் மாட்டித்தான் வேலை செய்வார்கள், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளவு பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிரே கிடையாது.

எஃப்.டி.யில் மிச்சம் இருக்கும் 2 லட்சத்தை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்காதீர்கள், அது உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வாடகை அட்வான்ஸுக்கும். படிப்புக்காலம் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும், அதனால் கடன் விண்ணப்பத்தில் படிப்புக்காலம் என்ற இடத்தில் இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து 4 வருடம் என்றே எழுதுங்கள், 3 என்று எழுதிவிட்டால் அவள் இன்டர்ன்ஷிப்பை முடித்தவுடனே தவணை தொடங்கிவிடும். வங்கிக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையெழுத்து அவளும்தான் போட வேண்டும்.