ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் தனியார் ஆம்புலன்ஸ் டிரைவர், வயது 35. 2025 மார்ச்சில் ஒரு நள்ளிரவு, பிரசவ கேஸை ஜிப்மரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கி சென்டர் மீடியனில் மோதிவிட்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். “மோதினது அவன், எஃப்.ஐ.ஆரும் அவன் மேலே, நான் ஏன் தரணும்?” என்கிறார் ஓனர். 50,000 ரூபாய் தந்து வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். சம்பளம் 16,000, கையில்தான் கொடுப்பார். ஆர்டர், ஈ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது.
– பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: போடாதீர்கள், தங்கச்சி. போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். இழப்பீடு வேண்டாம் என்று எழுதி வாங்கும் காகிதம் எதுவும் 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் செல்லாது. (அதற்குப் பதிலாகப் புதுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது 2025 நவம்பர் 21-ல். உங்கள் விபத்து அதற்கு முந்தியது, ஆகவே பழைய சட்டம்தான்.)

தப்பு யார் மேல் என்பது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வரும் கேள்வி. தானே மோதிய டிரைவர் அங்கே போய்ப் பயனில்லை. இந்தச் சட்டப்படி இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் கேள்வியே வேறு: வேலையில் இருக்கும்போது அடிபட்டதா? காலி வண்டியோடு திரும்புவதும் வேலைதான். குடித்திருந்தார் என்று கிளப்பினாலும், நிரந்தர முழு ஊனத்துக்கு அது தடையில்லை.

ஆர்டர் இல்லையே என்கிறீர்களா? ஓனர் காட்டி மிரட்டுகிற அந்த எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பாருங்கள். வண்டி நம்பரும் ஓட்டியவர் பெயரும் இருக்கும். உங்களுக்கு அதுதான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்! நான் முதன்முதலில் நடத்திய ஆம்புலன்ஸ் கேஸில், “இந்தப் பையனைப் பார்த்ததே இல்லை” என்று சத்தியம் செய்தார் முதலாளி. கேஷுவாலிட்டியில் நோயாளியை ஒப்படைத்த சீட்டில் பையன் கையெழுத்து, பக்கத்தில் 1.40 என்று நேரம். அதைக் காட்டியதும் அடங்கிவிட்டார். ஜிப்மரில் அப்படி ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி கணக்கு. 16,000 வாங்கினாலும் 15,000 வரைதான் எடுப்பார்கள். (2020 ஜனவரிக்கு முன்னால் வெறும் 8,000!) முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000. வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் பெருக்கு எண் (காரணி) 35 வயதுக்கு 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். கால் போனதற்கு இத்தனை சதவீதம் என்று அட்டவணையைக் காட்டிக் குறைக்கப் பார்ப்பார்கள். கையிழந்த தச்சர் ஒருவர் வழக்கில், இனி தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. டிரைவருக்குக் கால் அப்படித்தானே? “வண்டி ஓட்ட இயலாது” என்று டாக்டர் சான்றிதழில் எழுதியாக வேண்டும். அது விட்டுப்போனால் கேஸே பாதியாகிவிடும்.

விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் தராததால் 12 சதவீத வட்டியும் உண்டு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். ஓனர் ஏன் இப்படி அடம்பிடிக்கிறாரோ! வீம்புக்கு இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம் விழும், அது மட்டும் அவர் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

மனு போட இரண்டு வருடக் கெடு 2027 மார்ச்சில் முடிகிறது. ஆஸ்பத்திரி வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டி, வருவதில் மூன்றில் ஒரு பங்கு கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஃபீஸுக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

சிகிச்சைச் செலவு இழப்பீட்டில் சேராது, அதைத் தனியாக வாங்கலாம். ஓனர் பில் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.