‘கேட்ட’ எங்கே?

ஐயா, வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குறளுக்கு ‘உன் சொந்த நடையில் பொருள் எழுது’ என்கிறார் தமிழாசிரியை. இவளோ கைடில் இருக்கும் உரையில் நாலு சொல்லை மாற்றி எழுதிவிடுகிறாள். இது போதுமா? மூலமே கையில் இருக்கும்போது வேறு சொற்களில் திருப்பி எழுதி என்ன பயன்?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. ‘மகிழ்ச்சி’யை ‘உவகை’ ஆக்குவதைக் குறளைப் படிக்காமலே செய்துவிடலாம்.

பள்ளியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச்
சான்றோன் எனக்கேட்ட தாய் (69)

‘மகன் சான்றோனாக இருந்தால், பெற்றபோது மகிழ்ந்ததைவிடத் தாய் அதிகம் மகிழ்வாள்’ என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழய்யா வாசித்துவிட்டு, “சரி, ‘கேட்ட’ எங்கடா போச்சு?” என்றார். நாலு பேர் சொல்ல, அது அவள் காதில் விழுகிறதே, குறளின் உயிர் அந்த நொடியில்தான் இருக்கிறது. நான் எழுதியதில் ஊரே இல்லை.

அப்புறம் ‘சான்றோன்’. புரியாததால் அப்படியே விட்டுவைத்திருந்தேன். கல்வி கேள்விகளால் நிறைந்தவன் என்று பொருள் கொள்கிறார் பரிமேலழகர். 1949இல் வந்த தெளிவுரையில் மு. வரதராசன் நற்பண்பு நிறைந்தவன் என்கிறார். படிப்பா, பண்பா? மனப்பாடமாக ஒப்பிக்கிறவர் இந்தக் கேள்வியைப் பார்க்காமலே தாண்டிவிடலாம். வேறு சொல்லில் எழுத உட்கார்ந்தவர் ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும். நீங்கள் கேட்ட பயன் இதுதான்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள், அதனால்தான் ‘கேட்ட தாய்’ என்றார் என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். குறளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவு பெரிய உரையாசிரியர் சொன்னாலும் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று, அதை அவர் பொழிப்போடு, அதாவது குறளின் திரண்ட பொருளோடு, கலக்கவில்லை. பொழிப்பை முடித்துவிட்டுத் தனியாகத்தான் சொல்கிறார். இலக்கண நூலான நன்னூல் அடுக்கும் 14 உரைக்கூறுகளிலும் தொகுத்துரை (பொழிப்பு) வேறு, விசேடம் (மூலத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொல்வது) வேறு. மூலத்தில் இருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று வாசிக்கிறவருக்குத் தெரியவேண்டும் என்பதில் நம் முன்னோர் அத்தனை கவனமாக இருந்திருக்கிறார்கள்.

கைடை மூடிவைக்கச் சொல்லுங்கள். குறளை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதன் பொருளை உங்களிடம் பேச்சுவழக்கிலேயே சொல்லட்டும். சொன்னதை எழுதிக்கொண்டு குறளுக்குப் பக்கத்தில் வையுங்கள். எந்தச் சொல் விட்டுப்போயிற்று என்று அவளே தேடட்டும்.