குளத்தை வரைந்துவிட்டோம், பெயர்தான் மாறிவிட்டது

குமரி மாவட்டத்துக் குளங்களையும் ஏலாக்கள் எனும் வயல்வெளிகளையும் ரப்பர் தோட்டங்களையும் கியூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, ஒவ்வொரு வடிவத்தின் பெயர், பரப்பு போன்ற விவரங்களைத் தாங்கும் பண்பு அட்டவணையை நிரப்பிக்கொண்டிருப்பவர்களின் கேள்விகள் இவை. பெரிய அட்டவணைகளில் கைவைத்துச் சூடுபட்டவள் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

அக்கா, வடிவங்களைத் தாங்கும் ஷேப் கோப்புடன் இருந்த டிபிஎஃப் என்ற அட்டவணைக் கோப்பைத் தனியே கால்க் விரிதாளில் திறந்து, குளங்களை அகர வரிசையில் அடுக்கிச் சேமித்தேன். இப்போது சுசீந்திரம் குளத்தைத் தொட்டால் வேம்பனூர் என்று வருகிறது. (நாகர்கோவில் மாணவர்)

2022இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறிய இரண்டு ஈரநிலங்களை ஒரே சொடுக்கில் இடம் மாற்றிவிட்டீர்களே, மக்களே! ஷேப் கோப்பில் ஏழாவதாக இருக்கும் வடிவம், டிபிஎஃப் கோப்பின் ஏழாவது வரியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே வேறு முடிச்சே கிடையாது. வரிசையைக் கலைத்தால் உறவு அறுந்தது.

பழைய வரிசை எண் ஏதாவது ஒரு நெடுவரிசையில் இருந்தால் அதன்படி மறுபடி அடுக்குங்கள், பிழைத்தீர்கள். இல்லையென்றால் பரப்பளவு நெடுவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். வடிவங்களின் பரப்பை அன்று கணக்கிட்ட அதே முறையில் புதிதாகக் கணக்கிட்டு, அந்த எண்ணை வைத்து அட்டவணையைச் சேர்க்கலாம். நான்கு தசம இடம் வரை ஒரே பரப்புள்ள இரண்டு குளங்கள் கிடைப்பது அபூர்வம். அப்படியும் மிஞ்சுகிற சிலவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். இனிமேல் எந்த அட்டவணையையும் வெளியே எடுக்கும் முன் மாறாத அடையாள எண் ஒன்றை ஒவ்வொரு வரிக்கும் கொடுத்துவிடுங்கள். திருத்தியதைத் தனி அட்டவணையாகக் கொண்டுவந்து அந்த எண்ணால் இணையுங்கள்.

கிராமப் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தேன். பாதி வரிகள் காலி. கண்ணுக்குப் பெயர்கள் ஒன்றாகத்தான் தெரிகின்றன. (தக்கலை)

கண்ணை நம்பாதீர்கள், நீளத்தைக் கேளுங்கள். ஃபீல்டு கால்குலேட்டரில் (நெடுவரிசை மதிப்புகளைச் சூத்திரத்தால் கணக்கிடும் கருவி) அந்தப் பெயரின் நீளத்தைக் கணக்கிட்டால் ஒரு ‘விளவங்கோடு’ 10 என்றும் இன்னொன்று 11 என்றும் சொல்லக்கூடும். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒருவர் விசைப்பலகை ஒரே குறியீடாகப் பதிந்திருக்கும், இன்னொருவருடையது ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்துப் பதிந்திருக்கும். திரையில் வேறுபாடே தெரியாது. 3015 (கொம்பு), 3006 (கால்) என்ற இரண்டு யூனிகோடு எண்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒரே குறியான 3019ஐ மாற்றிவையுங்கள். ஒகரத்துக்கு 3014, 3006 போய் 3018 வரவேண்டும். அதோடு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள்.

நீளம் ஒன்றாக இருந்தும் இணையவில்லையென்றால் கோளாறு வேறு எழுத்தில் இருக்கிறது. நம் ஊரில் நாகர்கோவிலுக்கே ‘நாகர்கோயில்’ என்று இன்னொரு எழுத்துமுறை உண்டு. ஆகவே கிராமக் குறியீட்டு எண் கைவசம் இருந்தால் பெயர்ப் பக்கமே போகவேண்டாம்.

ஒன்றரை லட்சம் வரிகள். அட்டவணையைத் திறந்தால் கணினி உறைந்துவிடுகிறது. (குலசேகரம்)

ஏன் திறக்கிறீர்கள்? ஒன்றரை லட்சம் வரிகளை யாரும் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை. நிபந்தனை எழுதித் தெரிவு செய்யுங்கள், ஃபீல்டு கால்குலேட்டரில் ‘தெரிவு செய்தவற்றை மட்டும்’ திருத்துங்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால், திரையில் தெரியும் வரைபடப் பகுதிக்குரிய வரிகளை மட்டும் காட்டும்படி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். எல்லா வரிகளையும் ஒரேயடியாக மாற்றுவதானால் ரீஃபேக்டர் ஃபீல்ட்ஸ் கருவி மேலானது. அது புதிய லேயராக (வரைபட அடுக்காக) எழுதித் தருவதால் மூலம் கெடாது, சேமிக்கும்வரை மாற்றங்களைச் சுமந்துகொண்டு திணறவும் வேண்டியதில்லை.

சர்வே எண் 5/2 என்பது 45693 ஆகிவிட்டது! (குளச்சல்)

எக்செல் அதைப் பிப்ரவரி 5 என்று படித்துவிட்டது. 45693 என்பது 2025 பிப்ரவரி 5க்கு அது வைத்திருக்கும் எண். 112/3 தேதியாக முடியாததால் தப்பித்திருக்கும். பாதி கெட்டுப் பாதி நன்றாக இருப்பதுதான் இதில் ஆபத்து, மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வழியாக அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று சொல்லிக் கொண்டுவாருங்கள். முன்னால் பூஜ்யம் உள்ள குறியீடுகளும் அப்போதுதான் பிழைக்கும்.

ஹெக்டேர் கணக்கு கொஞ்சம் கூடுதலாக வருகிறது. (மார்த்தாண்டம்)

சென்னை, மதுரைக்காரர்கள் தந்த கோப்பா? பூமியைத் தீர்க்கரேகைப்படி 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் அவர்களுக்கு 44ஆம் மண்டலம். நம் மாவட்டம் முழுவதும் 78 பாகைக்கு மேற்கே இருப்பதால் 43. 44இல் கணக்கிட்டால் உண்மைப் பரப்பைவிட நூறு ஹெக்டேருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு ஹெக்டேர் கூடும்.

தமிழில் நெடுவரிசைப் பெயர் வைத்தால் மூன்று எழுத்தோடு நின்றுவிடுகிறது. (தோவாளை)

ஷேப் கோப்பில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. உள்ளே எழுதும் உரைக்கும் 254 பைட்தான் எல்லை. ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுங்கள், இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பென் டிரைவில் நகலெடுக்கும் முன் கியூஜிஸை மூடுங்கள். திறந்திருக்கும்போது கடைசி மாற்றங்கள் பக்கத்தில் முளைக்கும் ‘வால்’ (WAL) என்ற துணைக் கோப்பில் இருக்கக்கூடும். அதை விட்டுவிட்டுப் பெரிய கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நான் ஒரு கூட்டத்துக்குப் போனேன். முந்தின நாள் மாலைவரை உட்கார்ந்து திருத்திய தோவாளைக் குளங்கள் எல்லாம், அதிகாரிகள் முன்னால், பழைய பெயர்களோடு எழுந்து நின்றன.