வீட்டு கராஜுக்கு விலை குறைந்த டூல்ஸ் வாங்கலாமா? கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா, தூக்கிப் போட வேண்டியதுதானா?

சொந்த வண்டியை நீங்களே பார்த்துக்கொள்ளவும், அலமாரி, கேட் மாதிரி வீட்டுச் சில்லறை வேலைகளுக்கும் டூல்ஸ் சேர்க்கப்போவதாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். எதை முதலில் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாராளமாக வாங்கலாம். என் கராஜில் பாதிக்கு மேல் மலிவுச் சரக்குதான். அதில் சில இன்றுவரை மூச்சுவிடாமல் உழைக்கின்றன, சில செத்துப் பிழைத்து மறுபடி செத்துப் பிழைத்தவை. வாங்கும்போது "எத்தனை நாள் உழைக்கும்?" என்று நான் பார்ப்பதே இல்லை. கையில் எடுத்துப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. "கெட்டால் திறக்க முடியுமா?" என்று பார்ப்பேன். அது எடுத்தவுடனே தெரிந்துவிடும்.

டிரில்லிங் மெஷினையோ, டிஸ்கைச் சுழற்றி உலோகம் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரையோ எடுத்ததும் மோட்டார் இருக்கும் பகுதியின் இரண்டு பக்கமும் பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு மூடி, அதன் நடுவே ஸ்குரூ டிரைவர் நுழைய ஒரு கோடு இருந்தால், அது கார்பன் பிரஷ் மூடி. மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு உரசியபடியே கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுதான் இந்த பிரஷ். மெஷினைப் பிரிக்காமலே பிரஷ் மாற்றிவிடலாம் என்று அர்த்தம். மூடி வெளியே இல்லை, உடம்பைப் பிரித்தால்தான் பிரஷ் தெரியும் என்றாலும் பரவாயில்லை, நான்கைந்து திருகு கழற்றும் வேலைதான். திருகே கண்ணில் படாமல் ஒட்டி மூடியிருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

எதில் மலிவு கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டூல் உடைந்தால் வேலை நிற்கும் என்றால் மலிவு பார்க்கலாம். டூல் உடைந்தால் ஆளுக்கு அடிபடும் என்றால் பார்க்கக் கூடாது. ஜாக்கி, வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டு, கட்டிங் டிஸ்க், கண்ணுக்குப் போடும் கண்ணாடி, மெயின் கரண்ட் பார்க்கும் மல்டிமீட்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெயைப் பிடித்து நிறுத்தியிருப்பது ரப்பர் சீல்கள்தான். அவ்வளவு எடையும் கடைசியில் அவற்றை நம்பித்தான் நிற்கிறது. நல்ல ஜாக்கிக்கும் இதுதான் நிலைமை. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஜாக்கியில் எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் ஊறிக் கெட்டுப்போகும்.

டிஸ்க் விஷயத்தை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 100 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பு ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதில் ஒரு துண்டு உடைந்து வந்தால் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெஷினில் எழுதியிருக்கும் சுற்றைவிட டிஸ்கில் எழுதியிருக்கும் சுற்று குறையக் கூடாது. பல டிஸ்குகளில் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதியும் பொறித்திருப்பார்கள். மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும்தான் அது உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். டிஸ்கின் துகள்களைப் பிடித்திருக்கும் பிசின் ஈரத்திலும் நாள்பட்டும் பலம் குறையும், அதற்காகத்தான் அந்தத் தேதி. மெஷினோடு வந்த, டிஸ்கைப் பாதி மூடியிருக்கும் கார்டு என்ற கவசத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

சரி, கை டூல்ஸ். இதில் மலிவு செட் வாங்கித் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். ஆனால் பெட்டி மேல் இருக்கும் "108 பீஸ்" எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணிப் பார்த்தால் அதில் பெரும்பங்கு விரல் நீளம்கூட இல்லாத ஸ்குரூ டிரைவர் பிட்டுகளாக இருக்கும். "குரோம் வெனடியம்" என்ற எழுத்தையும் முழுதாக நம்பாதீர்கள். எஃகு நன்றாக இருந்தாலும் அளவு சரியாக இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. நான் ஒரு போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். சாக்கெட்டை, அதாவது போல்ட் தலைமேல் மாட்டித் திருகும் குழலை, அதில் மாட்டி இரு பக்கமும் ஆட்டிப் பார்த்தால் எவ்வளவு ஆட்டம் என்று கைக்கே தெரியும். ஆட்டம் அதிகமென்றால் போல்ட்டின் மூலைகளைத்தான் அது தின்னப்போகிறது.

என் முதல் செட்டில் இருந்தவை பன்னிரண்டு முனை சாக்கெட்டுகள். துருப்பிடித்த ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டி இழுத்தேன். "டக்" என்றதும் கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். போல்ட் அசையவே இல்லை, தலை உருண்டையாகியிருந்தது. அன்றிலிருந்து ஆறு முனைதான். அது போல்ட்டின் ஆறு முகங்களையும் அகலமாகப் பிடிக்கும், மூலைகளை மட்டும் சுரண்டாது. ஒரு வருடம் போனபின் அடிக்கடி எடுத்தது எது, தேய்ந்தது எது என்று பார்த்து அவற்றுக்கு மட்டும் தரமானதை உதிரியாக வாங்கினேன். மொத்தமே மூன்று: 10, 12, 14. மற்றவை பெட்டியில் வாங்கியபோது தடவியிருந்த எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருக்கின்றன.

ஸ்குரூ டிரைவரில் ஒரு சின்ன விஷயம். ஜப்பானியத் தயாரிப்பு பைக்குகளில் சில பிளஸ் ஸ்குரூக்களின் தலையில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி இருக்கும். அது ஜப்பானியத் தர அளவு என்பதற்கான அடையாளம். சாதாரண பிளஸ் ஸ்குரூ டிரைவர் அதில் அடிவரை உட்காராது, அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறித் தலையைக் கெடுக்கும். டூல் மோசம் என்று நான் திட்டித் தீர்த்த பல நாட்களில் குற்றம் டூலுடையது இல்லை, பொருத்தம் பார்க்காத என்னுடையது.

சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட் வழுக்க ஆரம்பித்தால் தூக்கிப் போடாதீர்கள். தலைக்குப் பின்னால் இரண்டு சின்னத் திருகோ ஒரு வட்டக் கிளிப்போ இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டபடி திறங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அரிசிமணி அளவுதான், துள்ளினால் கிடைக்காது. பற்சக்கரம், அதைப் பிடிக்கும் நாக்கு, ஸ்பிரிங் மூன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். கெட்டி கிரீஸை அப்பினால் நாக்கு திரும்பி வந்து பல்லைப் பிடிப்பதற்குள் கை முன்னே போய்விடும், முட்டியில் தோல் இருக்காது.

இனி மின்சார டூல்ஸ். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மலிவு மெஷின் "செத்துவிட்டது" என்று வருபவற்றில் நான் திறந்து பார்த்த பெரும்பாலானவற்றில் மோட்டார் நன்றாகவே இருந்தது. கெட்டுப்போனது ஒயர், சுவிட்ச், பிரஷ் மூன்றில் ஒன்று. முதலில் மூக்கை வைத்துப் பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை இல்லையென்றால் நம்பிக்கை உண்டு.

என் கிரைண்டர் ஒரு நாள் பாதி வெட்டில் நின்றது. வாடை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் மல்டிமீட்டரை வைத்து, ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தேன். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் வளைக்கும்போது மட்டும் பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தது. வருடக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. அந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் வெட்டிப்போட்டு மறுபடி இணைத்து, சால்டர் வைத்து, கிளாம்பை முறுக்கி, மூடித் திருகுகளையும் போட்டுவிட்டுத் திரும்பினால் மேஜை மேல் ஒயர் நுழையும் ரப்பர் குழாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை ஒயரில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். இரண்டாம் தடவையும் மறந்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

அந்த ரப்பர் குழாய் வெறும் அலங்காரம் இல்லை, ஒயர் ஒரே இடத்தில் மடியாமல் காப்பது அதுதான். மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்டிருந்தால் இரட்டைக் காப்புள்ளது, அதற்கு எர்த் ஒயர் கிடையாது, இரண்டு கம்பிதான் இருக்கும். அந்த மாதிரி மெஷினில் உள்ளே இருந்த உறை, ஸ்லீவ், கிளாம்ப் ஒன்றுவிடாமல் இருந்த இடத்திலேயே திரும்ப வர வேண்டும். மூன்றாவதாக எர்த் கம்பி இருக்கும் உலோக உடம்பு மெஷினில், அதைக் கட்டாயம் பழைய இடத்திலேயே இறுக்குங்கள்.

ஒயர் சரி, சுவிட்ச் சரி என்றால் பிரஷ். அழுத்தினால் ஓடி, தட்டினால் நின்று, மறுபடி தட்டினால் ஓடும் மெஷின் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்ததுதான். சுமார் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குவது நல்லது. ஒரு மயிரிழை தடிமனாக இருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து மட்டமாகத் தேய்த்துக்கொள்ளலாம். சின்னதாக இருந்து உள்ளே ஆடினால் வேண்டாம். போட்டபின் சில நிமிடம் சும்மா ஓட விடுங்கள், பிரஷின் முனை, அது உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து உட்காரும்வரை கொஞ்சம் பொறி பறக்கும். அந்தச் செம்புப் பட்டைகள் பழுப்பேறி வழவழப்பாக இருந்தால் நல்லது. புது பிரஷ் போட்டபிறகும் பொறி வட்டம் முழுக்க நெருப்பு வளையமாகச் சுற்றினால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுற்றும் பகுதி, போய்விட்டது. மலிவு மெஷினுக்கு ஆர்மேச்சர் மாற்றுவதெல்லாம் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. நான் அங்கே நிறுத்திவிட்டு, ஒயர், சுவிட்ச், பற்சக்கரம், மூடிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவைப்பேன்.

கரகரவென்று சத்தம் மட்டும் வந்தால் பேரிங். அதன் மேல் பொறித்திருக்கும் எண்தான் அதன் முகவரி. 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர், எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. தூசியில் வேலை செய்யும் மெஷினுக்கு ரப்பர் சீல் வைத்ததைக் கேளுங்கள்.

டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைக் கழற்றுவதில் நான் கெடுத்ததை நீங்கள் கெடுக்க வேண்டாம். முன்னும் பின்னும் சுற்றும் டிரில்லில் சக்கின் வாயை முழுக்கத் திறந்தால் ஆழத்தில் ஒரு திருகு தெரியும். அது இடதுமரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், நான் பல்லைக் கடித்து இறுக்கி அதன் தலையையே உடைத்தேன். அதை வலப்பக்கம் திருப்பி எடுத்துவிட்டு, சக்கில் ஒரு பெரிய ஆலன் கீயைக் கவ்வவைத்து, கியரைக் குறைந்த வேகத்தில் போட்டு, சக் இடப்பக்கம் சுற்றும்படி கீயின் மேல் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவரும்.

பேட்டரி டூல்ஸில் 18, 20, 21 வோல்ட் என்று மூன்று எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்றும் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல் வரிசைதான். சாதாரண நிலையில் ஒன்றுக்கு 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாக ஏற்றியபோது ஒன்றுக்கு 4.2, ஐந்துக்கு 21. கவனிக்க வேண்டியது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று சொல்லும் ஆம்பியர்-அவர் எண்ணும், அந்த பேட்டரி இன்னும் எத்தனை மெஷினில் மாட்டும் என்பதும்தான். செத்த பேட்டரி பேக்கைப் பிரித்து செல் மாற்றும் வீடியோக்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் பிரிக்கும் நான் இதில் மட்டும் கைவைப்பதில்லை. லித்தியம் செல் ஷார்ட் ஆனால் கராஜோடு போகும்.

முதலில் எதை வாங்குவது? ஆறு முனை சாக்கெட் செட், நல்ல கண்ணாடி, மல்டிமீட்டர், பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று. வைஸ் மட்டும் பழையதாகவே தேடுங்கள், கனமான பழைய வைஸ் துருப்பிடித்திருந்தாலும் கம்பி பிரஷும் எண்ணெயும் போட்டால் எழுந்து வந்துவிடும். தாடை இரண்டும் நேராகச் சேர்கிறதா, வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒயர் உள்ள டிரில், அதற்கப்புறம் கிரைண்டர். கம்ப்ரசர் இப்போதைக்கு வேண்டாம். இடத்தை அடைக்கும், டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் திறந்துவிட ஞாபகம் வேண்டும், ரப்பர் குழாயை இரண்டு தடவை மறந்தவனால் அது ஆகாது என்று நானே இன்னும் வாங்கவில்லை.